ஆற்றங்கரைக்கு எந்த விளக்கு?

மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தான் படகுத்துறையில் இரவு எட்டு மணிவாக்கில் கிளம்பும் சம்பானில் இரண்டு பொருள்கள் இருக்காது. ஒன்று மோட்டார், இன்னொன்று விளக்கு. நான்கு பேர் உட்காரும் மரப்படகு. பின்னால் ஒருவர் துடுப்புப் போடுவார். புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் கும்பிட்டு, பாசிர் பெனாம்பாங்கில் மீனும் நண்டும் சாப்பிட்டுவிட்டு வந்து சேரும் குடும்பங்கள் அதில் ஏறும். கரையை விட்டு நகர்ந்ததும் படகோட்டி முதலில் சொல்வது ஒன்றைத்தான்: ஃபிளாஷ் போடாதீர்கள், கைப்பேசியை உள்ளே வையுங்கள்.

கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் கரையோரப் பெரெம்பாங் மரங்கள் புலப்படத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மரத்திலும் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகள், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. பக்கத்து மரம் தன் தாளத்தில் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

மலாயில் கெலிப் கெலிப் என்றும் அறிவியலில் டெரோப்டிக்ஸ் டெனர் என்றும் பெயர் பெற்ற இந்த மின்மினி, நீளத்தில் ஒரு நெல்மணியைத் தாண்டாது. தாளம் போடுபவை ஆண்கள். பெண் பூச்சிகளும் ஒளிவிடும். ஆனால் மங்கலாக, ஒழுங்கில்லாமல். இணை சேர்வது மரத்தில்தான் என்றாலும் முட்டையிட மரம் உதவாது. பெண் பூச்சி கரைக்குப் பின்னால் இருக்கும் நீப்பா, ரும்பியா பனைகளுக்கு அடியிலுள்ள ஈர மண்ணைத் தேடிப் போகிறது. புழு அங்கே சிறு நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. சிறகு முளைத்த பிறகு அதற்கு மிஞ்சுவது சில வாரங்களே. ஆக, இந்தப் பூச்சி பிழைக்க ஆற்றோரத்தில் மரம் வேண்டும், மரத்துக்குப் பின்னால் ஈரநிலம் வேண்டும், இரண்டுக்கும் மேலே இருட்டு வேண்டும். மூன்றில் எது போனாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

இருட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தத் தாளம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். 1690இல் சயாமுக்குப் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர், மெனாம் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றாக எரிந்து அணைவதைக் கண்டு எழுதி வைத்தார். மேற்கில் பலர் அதை நம்பவில்லை. தலைவர் இல்லாத கூட்டம் எப்படித் தாளம் பிடிக்கும் என்பது அவர்கள் கேள்வி. பார்ப்பவரின் கண் இமைப்பதுதான் காரணம் என்றுகூட 1917இல் ஒருவர் சயின்ஸ் இதழில் எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்தில் பிடித்த மின்மினிகளைப் பேங்காக் ஓட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். சுவரிலும் திரைச்சீலையிலும் உட்கார்ந்த பூச்சிகள் முதலில் தம் போக்கில் மின்னின. பிறகு இரண்டு சேர்ந்தன, மூன்று சேர்ந்தன, அப்படியே குழுவாயின. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஓர் உள்கடிகாரம் ஓடுகிறது. அருகிலிருப்பது மின்னுவதைக் கண்டால் அது தன் கடிகாரத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறது. வேறு தலைமை தேவையில்லை.

கண்டால் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பூச்சிக்குப் பூச்சி அந்தத் தாளம் போகும் வழி பார்வை. முழுநிலவு உச்சிக்கு வரும்போதுகூடத் தரையில் விழும் ஒளி 0.3 லக்ஸைத் தாண்டுவதில்லை. நட்சத்திரங்களின் ஒளி அதில் சில நூறில் ஒரு பங்கு. சாதாரணத் தெருவிளக்கின் அடியில் சுமார் 10 லக்ஸ் இருக்கும். அதாவது முழுநிலவைப்போல முப்பது மடங்குக்கு மேல், அதுவும் மாதம் முழுக்க. அந்த வெளிச்சத்தில் மின்மினி விளக்கேற்றாமலே போகலாம். ஏற்றினாலும் பெண் பூச்சியின் கண்ணுக்கு அது எட்டுவதில்லை. பூச்சி சாகவில்லை, மரம் விழவில்லை, ஆனால் அடுத்த தலைமுறை பிறக்காமல் போகிறது. ஒளி மாசு சத்தமில்லாமல் செய்யும் கெடுதல் இது.

விளக்குதான் ஒரே எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. உலகெங்குமுள்ள மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு 2020இல் பயோசயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, வாழிட இழப்பை முதலிலும் செயற்கை ஒளியை இரண்டாவதாகவும் பூச்சிக்கொல்லியை மூன்றாவதாகவும் வைத்தது. வட சிலாங்கூரில் இந்த மூன்றையும் ஒரே ஆற்றின் கரையில் பார்க்கலாம். பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோன்யே தொடங்கியதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர். அது ரப்பரைத் தள்ளிவிட்டு ஆற்றோரம்வரை வந்துவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே போகிறது. மேலே நீரெடுக்க எடுக்கக் கீழே உப்பு ஏறும், நத்தைக்கும் மரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது. டெரோப்டிக்ஸ் டெனரை இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. 2010இல் சிலாங்கூரில் கூடிய மின்மினி ஆய்வாளர்கள் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையை உலகம் சிலாங்கூர் பிரகடனம் என்றே அழைக்கிறது. கெப்போங்கிலுள்ள ஃப்ரிம் வன ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாக இந்த ஆற்றின் மின்மினிகளைக் கண்காணித்து வருகிறது.

ஆற்றின் உப்பை நானும் நீங்களும் குறைக்க முடியாது, செம்பனையைப் பிடுங்கவும் முடியாது. வீட்டு விளக்கை மட்டும் ஒரு மாலையில், ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். இந்த அத்தியாயம் அதைப் பற்றித்தான்.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இருட்டு தானாக வந்தது. லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரம்தான். அது நின்றால் மண்ணெண்ணெய் விளக்கு. விடியும் முன்னே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களும் பால்மரம் வெட்டுகிறவர்களும் நெற்றியில் கட்டிய விளக்கோடு நடந்தார்கள். தேவையான இடத்தில், தேவையான நேரத்துக்கு, தேவையான அளவு வெளிச்சம். வறுமையால் வந்த சிக்கனம் அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. இருட்டில் பாம்பை மிதித்தவர்களும் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தபோது, வாசலில் ஒரு பளீர் விளக்கு பொருத்துவது முன்னேற்றத்தின் அடையாளமானதில் வியப்பில்லை. அதிகாலை வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு வழியில் வெளிச்சம் வேண்டும். ஆகவே விளக்கே வேண்டாம் என்று சொல்பவரோடு நான் சேரமாட்டேன்.

பளீரென்று எரியும் விளக்கு உண்மையில் அந்தப் பெண்ணுக்கு உதவுகிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். தாமான் வரிசையின் கடைசி வீட்டில் 50 வாட் எல்இடி ஃபிளட் லைட் ஒன்றைச் சுவரில் உயரமாகப் பொருத்தியிருப்பார்கள். அதன் முகம் தரையைப் பார்க்காது. தெருவையும் வானத்தையும் பாதிப் பாதியாகப் பார்க்கும்படி சாய்ந்திருக்கும். எதிரே நடந்து வருபவரின் கண்மணி அந்த ஒளியில் சுருங்கிப்போகும். வேலியோரத்து நிழல் முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும். அங்கே ஒருவன் நின்றாலும் தெரியாது. வீட்டுக்காரர் பாதுகாப்புக்கென்று வாங்கிய விளக்கு திருடனுக்குத்தான் மறைவிடம் கொடுக்கிறது. நல்ல வெளிவிளக்குக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே: விளக்கு கண்ணில் படக் கூடாது, தரை கண்ணில் பட வேண்டும்.

அதே 50 வாட்டைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் வீடுகளில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமன் ஒளி தந்தது. எல்இடியில் அதே 800 லூமனுக்கு 8, 9 வாட் போதும். அப்படியானால் 50 வாட் எல்இடி, நாலாயிரம் லூமனுக்கு மேல் கொட்டும். வாசலில் ஐந்தாறு குண்டு பல்புகளை ஒருசேர ஏற்றியதற்கு அது சமம். யாரும் முன்பு அப்படி ஏற்றியதில்லை, மின்கட்டணத்துக்குப் பயந்தார்கள். எல்இடி அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. வாட் எண்ணைப் பார்த்து வாங்கும் பழைய பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கடையில் பெட்டியைத் திருப்பி லூமனைப் பாருங்கள். சாவித் துவாரம் தெரியவும் செருப்பைக் கழற்றவும் 300, 400 லூமன் தாராளம். விளக்கைப் பாதி உயரத்துக்கு இறக்கினால் நேர் கீழே விழும் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் கணுக்கால் உயரத்தில் வைக்கும் சிறு விளக்குகள் நூறு லூமனிலேயே வேலையை முடித்துவிடும்.

மேல்நோக்கிப் போகும் ஒளி வீட்டுக்காரருக்கு நட்டம் என்பதோடு கதை முடிவதில்லை. அது காற்றிலும் தூசியிலும் மோதிச் சிதறி, வானத்தையே ஒரு மங்கிய விளக்காக்கிவிடுகிறது. அலைநீளம் குறையக் குறையக் காற்றில் சிதறல் நான்காம் அடுக்கில் கூடும். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர்தான் மஞ்சளையும் பச்சையையும் சேர்த்து வெள்ளையாக்குகிறது. அந்த நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிடக் காற்றில் மூன்று மடங்குக்கு மேல் சிதறும். மேகம் இருந்தால் இன்னும் மோசம்: பெர்லின் நகரில் அளந்தபோது, மேகமூட்டமான இரவில் வானம் தெளிந்த இரவைப்போலப் பத்து மடங்கு பிரகாசமாக இருந்தது. அடிக்கடி மேகம் கவியும் மேற்குக் கரைக்கு இது பொருந்தும். கோலாலம்பூரின் ஒளி கோலசிலாங்கூர் மேகத்தில் பட்டுத் திரும்புவதை ஆற்றின் நடுவிலிருந்தே பார்க்கலாம்; கிழக்கு அடிவானம் ஒருபோதும் முழுதாகக் கறுப்பதில்லை. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் எண்ணிக் கொடுத்த நட்சத்திரக் கணக்கை வைத்து, வானத்தின் பிரகாசம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்று கிறிஸ்டோஃபர் கீபா குழு 2023இல் கண்டது. இந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் அது இரட்டிப்பாகும்.

நீலம்தான் வில்லன் என்றால் மஞ்சள் விளக்கு வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 6500 என்றால் நீலம் மிகுந்த டேலைட். 2700, 3000 என்றால் வார்ம் ஒயிட். நம் ஹார்ட்வேர் கடைகளில் டேலைட்தான் முன்வரிசையில் இருக்கும். சோலார் விளக்குகள் பெரும்பாலும் அந்த நிறத்திலேயே வருகின்றன. மஞ்சளாக எரிந்தால் மங்கலாகத் தெரியும் என்று வாடிக்கையாளர் நினைப்பதும் ஒரு காரணம். பொதுவாக வெளிவிளக்குக்கு 2700 நல்லது: வானத்துக்கும், நம் தூக்கத்துக்கும், பெரும்பாலான பூச்சிகளுக்கும். பூச்சிகள் விளக்கைச் சுற்றுவதன் காரணத்தையே 2024இல்தான் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள். பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி மேல் கீழ் அறிகிறது. கோடி ஆண்டுகளாக மேலே இருந்தது வானம்தான். நடுவழியில் ஒரு பல்பு வந்தால் அதன் பக்கம் முதுகைத் திருப்பித் திருப்பி, சுற்றிலேயே சிக்கிக்கொள்கிறது.

ஆனால் மஞ்சள் நல்லது என்ற பொது விதி கம்போங் குவாந்தானில் இடறுகிறது. மின்மினியின் கண் மற்றப் பூச்சிகளின் கண்ணைப் போன்றதல்ல. அந்தி மங்கலில் பறக்கும் மின்மினி இனங்கள் மஞ்சளாகவும், நன்கு இருட்டியபின் பறப்பவை பச்சையாகவும் மின்னுவதையும், கண்களும் அதற்கேற்ப அமைந்திருப்பதையும் 1980இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தன் இனத்தின் மஞ்சள் பச்சையைத் தெளிவாகப் பார்க்கவே அந்தக் கண் செதுக்கப்பட்டிருக்கிறது. அவலோன் ஓவன்ஸும் சாரா லூயிஸும் அமெரிக்க மின்மினி ஒன்றின்மீது நீலம், ஆம்பர், சிவப்பு என்று தனித்தனி நிறங்களைப் பாய்ச்சிப் பார்த்தபோது, பெண் பூச்சிகளின் பதிலை அதிகம் அடக்கியது பிரகாசமான ஆம்பர்தான். பூச்சிக்குத் தீங்கில்லை என்று விற்கப்படும் அதே நிறம்.

அப்படியென்றால் வெள்ளையே மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை எல்இடியின் பாஸ்பர் அள்ளிக் கொட்டுவதே மஞ்சள் பச்சையைத்தான். நீலம் அதன்மேல் உபரி. ஆம்பர் பாதகமில்லாத இடங்களும் உண்டு. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும், வெளிச்சமான அடிவானம் எதுவோ அதுவே கடல் என்று நம்பி நடக்கின்றன. தெருவிளக்கு பின்னால் எரிந்தால் சாலைக்கு வந்துவிடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் இரவெல்லாம் அந்தக் கரையில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆமைக் கண்ணுக்கு நீண்ட அலைநீள ஒளி அவ்வளவாக உறைப்பதில்லை. ஆகவே கடற்கரைக்கு ஆம்பர் நல்ல தேர்வு. ஆமையைக் காப்பாற்றும் விளக்கை அப்படியே கொண்டுவந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் நட்டால் மின்மினியைக் கெடுத்துவிடும். எந்த நிறம் நல்லது என்ற கேள்விக்கு, யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அதனால்தான் நிறத்தை நான் கடைசியில் வைக்கிறேன். 2020இல் இருள்வான அமைப்பும் அமெரிக்க ஒளிப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஐந்து கொள்கைகளும் அதே வரிசையில்தான் போகின்றன: விளக்கு தேவையா, ஒளி எங்கே விழ வேண்டும், எவ்வளவு, எப்போது, பிறகு நிறம். முதல் நான்கும் சரியாக இருந்தால் நிறத்தில் நேரும் பிழையைக்கூட ஆறு தாங்கிக்கொள்ளும். முதல் நான்கும் தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

ஆற்றோரத்துக்கு வருவோம். தண்ணீரைப் பார்க்கும் சுவரில் விளக்கே வேண்டாம். படகுத்துறையிலும் ஆற்றோர விடுதிகளிலும் மக்கள் இறங்கி ஏறும் படிக்கு ஒளி வேண்டும்; அது கணுக்கால் உயரத்தில், மங்கிய சிவப்பில், மூடாக்குப் போட்டுத் தண்ணீருக்கு முதுகு காட்டி இருக்கட்டும். ஆள் நடந்தால் எரிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் அணையும் சென்சார் இப்போது எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது. வண்டி நிறுத்தும் இடம் ஆற்றை நோக்கி இருந்தால், திரும்பும் ஒவ்வொரு காரும் ஹெட்லைட்டால் எதிர்க்கரை மரங்களைத் துடைத்துவிட்டுப் போகும். நடுவில் அடர்த்தியாகச் செடி வரிசை நட்டால் பாதிச் சிக்கல் தீரும். சொல்லப்போனால் நீப்பாப் புதர்தான் இந்த ஆற்றின் பழைய விளக்கு மூடி. அழகுக்கென்று கரையை வெட்டிச் சுத்தம் செய்கிறவர், நத்தையின் வீட்டை அழிப்பதோடு உள்ளூர் வெளிச்சத்துக்கும் வாசலைத் திறந்துவிடுகிறார்.

கோயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபுரத்தை அடியிலிருந்து ஃபிளட் லைட் வைத்து மேலே அடிக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்த ஒளியில் கணிசமான பங்கு கோபுரத்தின் இரு பக்கமும் வழிந்து வானத்துக்குப் போகிறது; சுதைச் சிற்பங்களின் நிழலும் தலைகீழாக விழுந்து முகங்கள் விகாரமாகத் தெரியும். ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் சிறு விளக்குகளை மறைத்து வைத்துக் கீழ்நோக்கி வழியவிட்டால் பத்தில் ஒரு பங்கு ஒளியிலேயே கோபுரம் எழுந்து நிற்கும். அர்த்தசாம பூஜை முடிந்து நடை சாத்தியதும் அதையும் அணைத்துவிடலாம். திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் பல்புகளை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று நாள் வெளிச்சம் எந்த இனத்தையும் அழிக்காது. 365 நாளும் யாரும் பார்க்காத நேரத்தில் எரிவதுதான் அழிக்கிறது.

காற்றில் கலந்த புகையும் ஆற்றில் கலந்த ரசாயனமும் உடனே போய்விடுவதில்லை. ஒளி அப்படியல்ல, சுவிட்சைத் தட்டிய நொடியில் மாசு போய்விடும். நம்மால் இவ்வளவு எளிதாகத் திருத்த முடிகிற வேறு சுற்றுச்சூழல் கேடு எனக்குத் தெரியாது. இன்றிரவு சாப்பிட்டபின் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று உங்கள் வீட்டு வாசல் விளக்கைப் பாருங்கள். பல்பு கண்ணைக் கூசச் செய்தால், நாளைக் காலையில் அதன் பக்கத்துத் திருகாணி இரண்டையும் தளர்த்தி, முகத்தைத் தரைக்குத் திருப்பி இறுக்கிவிடுங்கள். புது விளக்கு வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.